தை முகூர்த்த ரவிக்கைகள் ஏன் தாமதமாகின்றன: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மார்கழியில் முகூர்த்தம் இல்லை என்பதால், தைக் கல்யாணங்களுக்கான ஆரி வேலையை அந்த மாதத்தில்தான் முடித்துத் தருவது எங்கள் வழக்கம். இந்த ஆண்டு அப்படி முடியாது. தை 10-க்குள் திருமணம் இருப்பவர்களின் ரவிக்கைகள் சொன்ன தேதியில் கிடைத்துவிடும். மற்றவர்கள் இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்க முடியாதவர்கள் ரசீதைக் காட்டினால் முன்பணம் முழுவதையும் திருப்பித் தருவோம்; முகம் சுளிக்க மாட்டோம்.

பட்டறையில் பாதிக்கு மேற்பட்ட கைகள் இப்போது ஒரு சாவு வீட்டுத் துணியில் இருக்கின்றன. கல்யாண ரவிக்கை தயாராகும் இடத்தில் சாவுத் துணியா என்று போன வாரம் ஓர் அம்மாள் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அவருக்குச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

எங்கள் கடையின் முன்பக்கம் உங்களுக்கு, பின்பக்கம் நைஜீரியாவுக்கு. அந்த நாட்டின் தென்கிழக்கில் வாழும் இக்போ இனப் பெண்கள் விசேஷங்களுக்கு இடுப்பில் கட்டும் துணியின் பெயர் ஜார்ஜ். புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து கப்பலேறிப் போன சரக்கு என்பதால் வந்த பெயர் என்பார்கள். (எங்கள் ஜார்ஜ் டவுன் 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரை வாங்கிக்கொண்டது. அது வேறு ஜார்ஜ்.) அந்தக் காலத்தில் போனது கட்டம் போட்ட பருத்தித் துணி. இப்போது பட்டும் வெல்வெட்டும், அவற்றின்மேல் ஜரிகையும் சம்கியுமாகப் போகிறது. இரண்டு துண்டாகக் கட்டுவார்கள். உள்ளே ஒன்று கணுக்கால் வரை, அதன்மேல் ஒன்று முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை.

இறந்தவர் எங்களிடம் நெடுநாள் ஜார்ஜ் வாங்கியவர். ஸ்காட்லாந்தில் பிறந்த ஆசிரியை. பிரிட்டனில் படிக்க வந்த இக்போ இளைஞரை மணந்து, 1960-இல் நைஜீரியா விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள் எனுகு நகரத்துக்குக் குடிபோனவர். எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் அவர் வெள்ளைக்கார அம்மா. அந்த ஊரிலோ அவர் ஒரு தலைமுறைக்கே அத்தை. ஒனிட்சா சந்தையில் துணிக்கடை வைத்திருக்கும் நாத்தனார் மகளோடுதான் முதலில் எங்களிடம் வந்தார். வெள்ளைக்காரர் பேரம் பேச மாட்டார் என்று நினைத்து அப்பா சொன்ன விலை, அந்த அம்மா நாற்காலியை விட்டு எழுந்தவுடன் இறங்கிவிட்டது.

கைப்பையில் கோலாக் கொட்டை கொண்டுவருவார்; விருந்தினரை வரவேற்க அங்கே உடைத்துக் கொடுக்கும் கசப்புக் கொட்டை அது. அப்பா தட்டில் வெற்றிலை பாக்கு வைப்பார். கோலாவைப் பெண்கள் உடைப்பதில்லை என்பது இக்போ வழக்கம். அதனால் அப்பாவிடம் கொடுத்து உடைக்கச் சொல்லி, அவருடைய முகம் கசப்பில் சுருங்குவதைப் பார்த்துச் சிரிப்பார். தான் பிறந்த ஊரில் யாருக்கும் தெரியாத அந்த விதியைச் சென்னையிலும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

அவர் வாழ்க்கையில் எனக்கு மறக்காதது போர்க்காலக் கதை. 1967 மே 30 அன்று கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்ற பெயரில் தனி நாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. ஜூலையில் போர் மூண்டது, அக்டோபரில் எனுகு விழுந்தது. வெளிநாட்டுப் பெண்கள் பலர் பிள்ளைகளோடு கிளம்பிவிட்டார்கள். கணவரால் வர முடியாது என்பதால் இவர் கிளம்பவில்லை. புகுந்த வீட்டாரோடு கிராமத்துக்குப் போய்விட்டார். முற்றுகையில் உப்பே கிடைக்காமல் போனது. ஊலி என்ற இடத்தில் தார்ச்சாலையையே ஓடுபாதையாக்கி, இரவில் விளக்கணைத்து விமானங்கள் இறங்கும். திருச்சபைகள் அனுப்பிய நார்வே நாட்டுக் கருவாடு அதில் வரும். கல்யாணத்துக்கு மாமியார் கட்டிவிட்ட ஜார்ஜைக் கொடுத்து ஒரு கோப்பை உப்பு வாங்கினாராம். 1970 ஜனவரியில் போர் முடிந்தது. வங்கியில் எவ்வளவு பியாஃப்ரா பணம் போட்டிருந்தாலும் தலைக்கு 20 நைஜீரிய பவுண்டு என்று கணக்கை முடித்துவிட்டார்கள். துணியை மீட்க ஏது வழி? அந்தப் பூவேலை மட்டும் அவர் நினைவிலேயே இருந்தது. எங்களிடம் வந்த முதல் நாள் அதைத்தான் பென்சிலால் வரைந்து காட்டினார்: ஒரு கொடி, இலைக்கு இலை நடுவில் கண்கள் எனப்படும் சிறு சிறு துளைகள்.

பிற்காலத்தில் ஊர் மருமகள்கள் சங்கத்துக்கு அவர்தான் பொருளாளர். நகரங்களில் இருக்கும் பெண்கள் ஆகஸ்டு மாதம் கணவன் ஊரில் கூடுவது இக்போ நாட்டில் பெரிய நிகழ்ச்சி. மருத்துவமனைக் கூரையிலிருந்து கிணறு வரை அங்கேதான் முடிவாகும். எல்லோரும் ஒரே நிறத்தில் ஜார்ஜ் கட்டி வருவார்கள். அந்தத் துணிக்கான பணத்தை வசூலிப்பதும், தாமதமாக வந்தவர்களிடம் அபராதம் வாங்குவதும் இவர் வேலை.

இனி சாவுக்கு வருகிறேன். இக்போ வழக்கத்தில் மூத்தவர்களின் உடலை உடனே அடக்கம் செய்வதில்லை. பிணவறையில் வைத்து, வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேர நாள் குறித்து, சுவரொட்டி ஒட்டி, வாழ்க்கைக் குறிப்பும் அஞ்சலிகளும் அடங்கிய புத்தகம் அச்சடிப்பதற்குள் வாரங்கள், சில வீடுகளில் மாதங்கள் ஓடிவிடும். இறந்தது பெண் என்றால் இன்னொரு கட்டம் உண்டு. கணவன் வீட்டார் அவளுடைய பிறந்த வீட்டுக்கு முறைப்படி போய்ச் சொல்ல வேண்டும். உமுஅடா எனப்படும் பிறந்த குலத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்து, எங்கள் பெண்ணை எப்படி வைத்திருந்தீர்கள் என்று விசாரிப்பார்கள். அவர்களுக்கு மனம் ஒப்பாவிட்டால் காரியம் நகராது.

ஸ்காட்லாந்திலிருந்து யார் வந்து விசாரிப்பது? கல்யாணத்தின்போதே இதை யோசித்திருக்கிறார்கள். பக்கத்து வளவுக் குடும்பம் ஒன்று அவரை மகளாக ஏற்று, பெண் வீட்டுக்கு உரிய பனங்கள்ளையும் யாம் எனப்படும் வள்ளிக்கிழங்கையும் வாங்கிக்கொண்டது. இப்போது அந்த வீட்டுப் பெண்கள்தான் உமுஅடாவாக வருகிறார்கள். ஸ்காட்லாந்துத் தம்பி மகனும் அவர்கள் பக்கத்தில்தான் நிற்பார்.

அதனால்தான் அடக்கத்தில் ஒவ்வொரு பக்கத்தாரும் கட்ட மூன்று வகைத் துணி. ஊர் மருமகள்களுக்கு நீலம், பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் வெள்ளை. இவற்றை மெஷின் போட்டுவிடும். பிறந்த வீட்டுக்கு அடர்சிவப்பு, அந்தப் பழைய கொடி. கடைசியாக வந்தபோது அவரே சொல்லிவிட்டுப் போன ஏற்பாடு. ஒவ்வொரு கண்ணுக்கும் துணியை ஊசிமுனைக் கத்தரியால் திறந்து, பிரி சிதறாமல் விளிம்பைச் சுற்றிக் கட்ட வேண்டும். கொஞ்சம் இழுத்தால் கண் கோணும். இதை மெஷினில் போட்டுப் பார்த்தால் பொத்தான் துளை மாதிரி இருக்கிறது. உங்கள் ரவிக்கைகளுக்கு உட்கார வேண்டிய கைகள் இதில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

நாளைத் தள்ளவும் வழியில்லை. அடக்கம் ஜனவரி முதல் வாரம். துணி விமானத்தில் லாகோஸ் போய், அங்கிருந்து சாலை வழியாக நைஜர் ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஒனிட்சா சேர வேண்டும். கிறிஸ்துமஸுக்கு இக்போ நாடே ஊர் திரும்பும் நேரத்தில் அந்தப் பாலத்தில் வண்டிகள் நகராது. அதற்கு முன்பே சரக்கு போயாக வேண்டும். “அளவில் ஒரு கெஜம் குறைந்தாலும் அத்தை எழுந்து வந்து கணக்குக் கேட்பார்” என்று நாத்தனார் மகள் குரல் செய்தி அனுப்பியிருக்கிறார்.

சிவப்புத் துணியில் ஒன்றுக்கு மட்டும் நாங்கள் விலை போடவில்லை. பிறந்த வீட்டுக் கோடி என்று நம் பக்கத்தில் வைப்போமே, அந்தக் கணக்கில் அது எங்களுடையது. அப்பா இருந்திருந்தால் இதற்கு என்னைக் கேட்டிருக்கவே மாட்டார்.

கேள்வி கேட்ட அம்மாளுக்கு: பேரன் பேத்தி எடுத்து, அவர்கள் பிள்ளைகளையும் பார்த்துவிட்டுப் போனவரின் கல்யாணச் சாவு இது, அங்கே வாத்தியமும் ஆட்டமுமாகத்தான் வழியனுப்புவார்கள். ஆனாலும் உங்கள் மனம் ஒப்ப வேண்டும். ஆகவே ரவிக்கை வேலை மாடியில், இந்த வேலை கீழே. சட்டமும் நூலும் கத்தரியும் தனித்தனி.

அளவு ரவிக்கை கொடுத்துவிட்டுப் போனவர்கள், கை நீளத்தில் மாற்றம் இருந்தால் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். கண் வைக்கும் வேலையைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் மாலை 4 மணிக்கு மேல் பின்பக்கம் வரலாம். செருப்பை வெளியே விடவும். காபியோடு உள்ளே வர வேண்டாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்
ஜார்ஜ் டவுன், சென்னை