மட்டக்களப்பு ஆயர் அவர்களுக்கு: அலுமாரியில் கிடக்கும் கொப்பிகள் பற்றி

பேரன்புக்குரிய ஆயர் ஆண்டகைக்கு,

அம்மம்மாவின் திருமுழுக்குப் பதிவைத் தேடி அம்பாறைப் பக்கத்துப் பங்குக் கோவில் ஒன்றுக்குப் போன மாதம் போனேன். பாதர் அலுமாரியைத் திறந்து ஒரு தடித்த கொப்பியை எடுத்தார். மட்டை தனியாகக் கையோடு வந்துவிட்டது. உள்ளே சில பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிப்போய் அப்பளக் கட்டு மாதிரி இருந்தன. நல்ல காலம், 1931 தப்பியிருந்தது. லத்தீனில் ஒரே ஒரு வரி. பக்கத்தில் ஞானத்தாயின் பெயர். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாத பெயர்.

முத்திரையைப் பார்த்த என் மகன், "அம்மா, இதில் திருகோணமலை என்றல்லவா இருக்கு?" என்றான். சரியான கேள்விதான். 1893இல் யாழ்ப்பாண மறைமாவட்டத்தில் (ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதி) இருந்து பிரித்தபோது கிழக்கு முழுவதற்குமான மறைமாவட்டத்துக்குத் திருகோணமலைதான் பெயர். முதல் ஆயர் சார்ள்ஸ் லவீன் கேரளத்தில் ஆயராக இருந்துவிட்டு வந்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி. எங்கள் ஊரின் பெயர் அதில் சேர 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தனி மறைமாவட்டம் ஆனது 2012 ஜூலை 3, தோமையார் திருநாளன்று. ஜோசப் பொன்னையா ஆண்டகை முதல் ஆயர். மட்டக்களப்பும் அம்பாறையும் அதற்குள் வந்தன.

அதனால்தான் கேட்கிறேன். பிரிந்தபோது எங்கள் பக்கத்துப் பழைய கடிதங்களும் கணக்குகளும் இங்கே வந்தனவா, அங்கேயே நின்றுவிட்டனவா? பங்குகளில் இருக்கும் கொப்பிகளுக்கு ஒரு பிரதியாவது உண்டா? 1978 சூறாவளி, இடப்பெயர்வுகள், சுனாமி எல்லாம் தாண்டி மிஞ்சியவை இவை. பழைய பதிவேடுகளைக் கவனமாகக் காக்க வேண்டும், ஆயர் பங்குச் சந்திப்புக்கு வரும்போது அவற்றைப் பார்வையிட வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 535 சொல்கிறது. ஆனால் விசிற்றேசன் என்கிற அந்தச் சந்திப்பு என்றால் எங்களுக்கு மாலையும் பாண்டும் சாப்பாடும்தான்!

பெரிய செலவு வேண்டாம். ஃபோன் கமரா உள்ள இரண்டு இளைஞர்கள், நல்ல வெளிச்சம், பங்குக்கு இரண்டு சனிக்கிழமை. படங்கள் ஆயர் இல்லத்தில் ஒரு பிரதி, பங்கில் ஒரு பிரதி. இணையத்தில் போடச் சொல்லவில்லை. தகப்பன் பெயர் இல்லாத பிள்ளைகளின் பதிவுகளும் அவற்றில் உண்டு.

அந்தப் பாதரைக் குறை சொல்ல மாட்டேன். ஒட்டிய பக்கங்களைப் பிரிக்க அவருக்கும் எனக்கும் துணிவு வரவில்லை. கொப்பியை அப்படியே திரும்ப அலுமாரியில் வைத்துவிட்டோம்.

உங்கள் மறைமாவட்டத்துப் பிள்ளை ஒருத்தி