ஆறாம் செமஸ்டரும் ஆறு மணி பஸ்ஸும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு கலைக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஷிப்டில் வேதியியல் படிக்கிறேன். கடைசி செமஸ்டர் திங்கட்கிழமை தொடங்கியது. போன செமஸ்டர் முடிவே இன்னும் வரவில்லை. அரியர் உண்டா இல்லையா என்று தெரியாமலே புது ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டாயிற்று. சரி, அது வழக்கமானதுதான்.

என் கவலை பஸ். இந்த முறை செய்முறை வகுப்பு வாரம் மூன்று நாள். கரைசலில் அடியில் படியும் வீழ்படிவைக் குரூசிபிள் என்ற சிறு கிண்ணத்தில் சூடாக்கி, ஆறவைத்து, எடை போட வேண்டும். எடை மாறாமல் நிற்கும் வரை திரும்பத் திரும்ப இதே வேலை. அவசரப்பட்டால் விடை தப்பிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ஊர் டவுன் பஸ் ஆறு மணிக்குக் கிளம்புகிறது. அதை விட்டால் எட்டேகாலுக்குத்தான் அடுத்தது. அம்மா அதுவரை ரோட்டோர டீக்கடை வெளிச்சத்தில் காத்து நிற்பார்.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாயும் இல்லாவிட்டால் நான் கல்லூரி வாசலையே மிதித்திருக்க மாட்டேன். ஆனால் ஷேர் ஆட்டோவுக்கே அந்தப் பணம் கரைந்தால் எப்படி? தேர்வு முடியும் வரையாவது பஸ்ஸை 20 நிமிடம் தள்ளி எடுக்கட்டும். எங்கள் ஷிப்டில் மட்டும் 14 பேர் அதில் போகிறோம்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி,
திருவண்ணாமலை மாவட்டம்.