கியூபாவுக்கு ஒரு தீர்மானம்

அட்டன்

அன்புள்ள மச்சான்,

திட்டுவதைப் பிறகு திட்டு, முதலில் சங்கதியைக் கேள். நம் தொழிற்சங்க மாவட்டக் கமிட்டியில் கியூபாவுக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டோம். பெரிசு வழக்கம்போல ஹவானாவுக்கே போய்விட்டார். 1959இல் சே குவேரா இலங்கைக்கு வந்து ஹொரணைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் மரம் நட்ட கதையும் வந்தது. உனக்குத்தான் மனப்பாடமாயிற்றே.

அப்போது கொழுந்தெடுக்கிற அக்கா ஒருவர் எழும்பினார். "கிலோ குறைந்தால் அரைப் பேர் போட்டு அரை நாள் சம்பளம்தான் தருகிறார்கள். அதற்குத் தீர்மானம் இல்லையா? கியூபாக்காரன் நமக்கு மாமனா மச்சானா?" கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தா கட்டுகிறவர் கேட்கிறார், நியாயம்தானே?

நான் ஈரானை எடுத்தேன். 2012இல் வாங்கிய எண்ணெய்க்கு நம் நாடு 251 மில்லியன் டொலர் கடன். அமெரிக்கத் தடையால் வங்கி வழியாகக் கட்ட வழியில்லை. கடைசியில் 2021 டிசம்பரில், மாதம் 5 மில்லியன் டொலருக்குத் தேயிலை அனுப்பிக் கழிப்பதாக ஒப்பந்தம். தேயிலை உணவுப் பொருளாம், தடையில் அகப்படாதாம். "எங்கேயோ ஒரு நாட்டை நெரித்தால் கணக்கு உங்கள் கூடைக்கு வருகிறது, அக்கா" என்றேன். "அதில் எனக்கு என்ன கூடக் கிடைத்தது?" என்றார். என்னிடம் பதில் இல்லை, மச்சான்.

கியூபா விஷயத்தில் எனக்குச் சந்தேகமில்லை. 1962இலிருந்து அமெரிக்காவின் வணிகத் தடை. 1992 முதல் ஐ.நா. பொதுச்சபை நீக்கு நீக்கு என்கிறது. 2024இல் 187 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தவை அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டும். நடந்தது ஒன்றுமில்லை; 2025இல் 187 என்பது 165 ஆக இறங்கியதுதான் மிச்சம். 2022இல் கேஸ் வரிசையில் நின்றதற்கே நாம் எப்படிக் கொதித்தோம்! அங்கே பேரப்பிள்ளை காலம் வரை வந்துவிட்டது. ஆனால் எல்லாக் கஷ்டத்துக்கும் தடைதான் காரணம் என்று பெரிசு சொல்வதை நான் நம்பவில்லை. அந்த அரசாங்கத்தின் கோளாறும் இருக்கிறது. அவரிடம் சொல்லித் தொலைக்காதே.

தீர்மானம் நிறைவேறியது. அக்கா மட்டும் கை தூக்கவில்லை. அது எனக்கு உறுத்துகிறது. மே தினத்தில் அரைப் பேர் பிரச்சினையையும் கியூபாவையும் ஒரே தீர்மானமாகக் கொண்டுவரலாமா? வாசகத்தை நீ எழுது, சிங்களத்திலும் வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகாதே. கண்டக்டருக்கு நீ எழுதின பெட்டிஷன் இன்னும் மறக்கவில்லை.

மாமாவின் இருமல் எப்படி? தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. சித்திரை லீவுக்குள் எழுதி அனுப்பு, அச்சகக்காரர் அதற்குப் பிறகு கையில் எடுக்கமாட்டார்.

உன்
ராஜு