பரணை இறக்கியாச்சு

அன்புள்ள தம்பிக்கு,

பாம்பனிலிருந்து அம்மா எழுதுவது. வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருந்ததால் பரணில் கிடந்ததை எல்லாம் இறக்கிவிட்டேன். "மொத்தத்தையும் பழைய இரும்புக்காரரிடம் போடும்மா" என்று போனில் சொன்னாய். உப்புக்காற்று தின்ற கட்டிலை அவருக்குத்தான் போட்டேன். தூக்கும்போதே ஒரு கால் கையோடு வந்துவிட்டது. மற்றதை எடைக்குப் போட மனசு வரவில்லை.

உன் முழுக்கைச் சட்டைகள் 11 இருந்தன. காலர்தான் நைந்திருந்தது, துணி கெட்டி. சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். சேலைக்கு மேல் சட்டை மாட்டிக்கொண்டு கடலில் இறங்குவார்களே, சின்னப் பிள்ளையில் பார்த்திருப்பாய். மரிக்கொழுந்துப் பாசி பாறையோடு ஒட்டி வளர்வது. பிடுங்கினால் கை கிழியும், சொறி என்கிற ஜெல்லிமீன் பட்டால் உடம்பெல்லாம் எரியும். விரலில் சுற்றிக்கொள்ள என் பழைய நூல்சேலை இரண்டையும் கேட்டு வாங்கினார்கள். நைலக்ஸ் சேலையை மட்டும் திருப்பித் தந்துவிட்டார்கள். ஈரத்தில் வழுக்குமாம். எனக்கு அது தோன்றவே இல்லை.

ஓடாத பிரிட்ஜில் மெக்கானிக்கை வைத்துக் கேஸை எடுத்தாச்சு, கம்ப்ரசரை அவரே கழற்றிக்கொண்டார். வெறும் பெட்டியைப் பக்கத்து வீட்டு வள்ளக்காரர் மல்லாக்கப் போட்டு ஐஸும் மீனும் வைக்கிறார். கதவைத் தனியாகக் கழற்றி மூடியாக வைத்துக்கொண்டால்தான் தருவேன் என்றேன். தெருப் பிள்ளைகள் உள்ளே இறங்கி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

உன் பள்ளிக்கூட கைடுகளைச் சுமந்துகொண்டு நூலகத்துக்குப் போய் அசடு வழிந்ததுதான் மிச்சம். 2018-இலேயே பாடத்திட்டம் மாறத் தொடங்கிவிட்டதே! அகராதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மீதி கடலை மடிக்கப் போயிற்று.

குண்டு டிவியை யாரும் தொடவில்லை. அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. இரும்புக்காரர் உடைத்துச் செம்புக் கம்பியை உருவிக்கொண்டு மிச்சத்தைக் கடற்கரையில் கொட்டுவார் என்று பயந்து திண்ணையில் வைத்திருக்கிறேன். நீ வரும்போது மின்கழிவு எடுக்கிறவர்களிடம் சேர்க்க ஒரு வழி பார்.

அப்புறம், உன் சைக்கிள். அதை மட்டும் உன்னைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன். செயின் துருப்பிடித்துவிட்டது, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறது. எதிர்வீட்டுப் பையன் இந்த வருஷம் ஆறாம் வகுப்பு, பள்ளிக்கு நடந்தே போகிறான். தினமும் சாயங்காலம் வந்து பெல்லை ஒரு தரம் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விடுகிறான். சீக்கிரம் ஒரு பதில் சொல்லப்பா.

அன்புடன்,
அம்மா