எலியா, பன்றியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பரிசுப் பொருட்கள் பக்கத்தில், 'எலிப் படம் போட்ட கோப்பையில் யார் வாய் வைத்துக் குடிப்பார்கள்?' என்று ஒரு வரி. பக்கத்திலேயே அந்தக் கோப்பையின் படம். படத்துக்குக் கீழே 'காட்டுப்பன்றி'. அச்சுக்குப் போகும் முன் எலியா, பன்றியா என்றாவது உங்களுக்குள் பேசி முடித்திருக்கலாம்.

அது காப்பிபாரா. தென் அமெரிக்காவின் ஆற்றோரங்களிலும் சதுப்பு நிலங்களிலும் கூட்டமாக வாழ்வது, புல்லும் நீர்த்தாவரமும் தின்பது, ஐம்பது அறுபது கிலோ எடைக்குச் சர்வசாதாரணமாக வளர்வது என்பதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. இன்று உயிரோடு இருக்கும் கொறிக்கும் விலங்குகளில் மிகப் பெரியது அதுதான். எலியும் அந்த வரிசையில்தானே வருகிறது என்பீர்கள். வருகிறது. அணிலும்தான் வருகிறது. அணில் படம் போட்ட கோப்பையைப் பார்த்து யாராவது முகம் சுளித்திருக்கிறார்களா? காப்பிபாராவின் நெருங்கிய சொந்தம் எலிகூட இல்லை, கினிப்பன்றி. (அதுவும் பன்றி இல்லை. அதற்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும்.)

பன்றி என்று போட்டதற்கு ஒரு சமாதானம் உண்டு. உயிரினங்களை வகைபிரித்துப் பெயரிட்ட விஞ்ஞானி லின்னேயஸே 1766-ல் இதைப் பன்றிகளோடுதான் சேர்த்தார். உங்கள் உதவி ஆசிரியர் அவர் வழியில் போயிருந்தால் தலைவணங்குகிறேன். ஆனால் மற்றவர்கள் அதை எப்போதோ திருத்திவிட்டார்கள்.

எனக்கு இது முதல் அனுபவமும் அல்ல. முள்ளம்பன்றி முட்களை அம்புபோல எய்யும் என்று முன்பு எழுதினீர்கள். அது எய்வதில்லை, முட்கள் கழன்று எதிரியின் உடம்பில் குத்தி நிற்கும், அவ்வளவுதான் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். 'கட்டுரை அருமை' என்ற என் முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். அப்புறம் முயலைக் கொறிக்கும் விலங்குகளோடு சேர்த்துப் படம் போட்டீர்கள். முயலைத் தனி வரிசையாக 1912-லேயே பிரித்தாயிற்று. அதற்கும் எழுதினேன். அது வந்து சேர்ந்ததா என்றுகூடத் தகவல் இல்லை.

இவ்வளவு கோபம் ஏன் என்றால், அதே கோப்பை என்னிடம் இருக்கிறது. மகள் பிறந்தநாளுக்குக் கொடுத்தது. பிரேசிலின் பந்தனால் சதுப்பு நிலத்தில் எடுத்த படம் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. கண், காது, மூக்குத் துவாரம் மூன்றும் தலையின் மேல்பக்கமாக அமைந்த விலங்கு அது. உடம்பை நீரில் மறைத்துக்கொண்டு மேலே எட்டிப் பார்க்க வசதி. படத்தில் கரையேறி நிற்கிறது, முதுகில் ஒரு குருவி. கோப்பையைச் சுற்றி ஒட்டிய நீளப் படம் என்பதால், வலது கையில் பிடிப்பவருக்கு முகம் தெரியும். நான் இடது கைக்காரன். எனக்கு இத்தனை வருடமும் தெரிந்தது வாலில்லாத பின்பக்கம்தான். கோப்பை செய்கிறவர்களுக்கு இடது கைக்காரர்கள் நினைவுக்கு வருவதே இல்லை. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

உங்கள் இதழ் வந்த மறுநாள் கோப்பை சமையலறையில் இல்லை. தேடினால், மேசைமேல் பேனா தாங்கியாக நிற்கிறது. 'பத்திரிகையிலேயே போட்டுவிட்டார்களே, எலி என்று' என்கிறார் என் மனைவி. இருபது வருடமாக நான் சொன்ன எதற்கும் இல்லாத மதிப்பு உங்கள் ஒரு வரிக்கு! 'பெயரிலேயே காப்பி இருக்கிறதே' என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. காப்பிபாரா தன் சாணத்தைத் தானே தின்று இன்னொரு முறை செரிக்கும் என்பதை நான் வீட்டில் சொல்லவில்லை. தயவுசெய்து இந்த வரியை மட்டும் வெட்டிவிடுங்கள். வெட்டுவது தங்களுக்குப் பழக்கம்தான்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில், எங்காவது ஒரு மூலையில், 'அது எலியும் அல்ல, பன்றியும் அல்ல, காப்பிபாரா' என்று ஒரு வரி போதும். மன்னிப்பெல்லாம் வேண்டாம். அதைக் காட்டினால் கோப்பையைத் திருப்பித் தருவதாக வீட்டில் பேச்சு.

இப்படிக்கு,
இன்னும் சந்தா கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாசகன்