மசினகுடி நாய்களும் டிஸ்டெம்பர் வைரஸும்

உதகமண்டலம்

அன்புள்ள முருகேசா,

உன் மகளின் திருமணம் நல்லபடியாக நிறைவேறியதை அறிந்து மகிழ்ந்தேன். நீ கேட்டிருந்தபடி, இங்கே நாங்கள் செய்துவரும் வேலையைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன். நாமக்கல்லிலிருந்து உன் உதவியும் எனக்குத் தேவைப்படுகிறது.

மசினகுடிப் பக்கத்து ஊர் நாய்களிடையே டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய் பரவியிருக்கிறது. கண்ணிலும் மூக்கிலும் சீழ், பிறகு இருமல், கடைசியில் தாடை வெட்டி இழுக்கும் வலிப்பு என்று நாம் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த அதே வரிசை. மரபணுத் துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் பரிசோதனை வைரஸ் இருக்கிறதென்று சொல்லிவிடும்; அது எங்கிருந்து வந்ததென்று சொல்லாது. இங்கே அந்தக் கேள்விதான் பெரிது. ஊர் நாய்கள் மேய்ச்சல் மாடுகளோடு காட்டின் விளிம்புவரை போய்வருகின்றன. முதுமலைச் செந்நாய்கள் உலவும் தடமும் அதுவே. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் இந்த வைரஸால் மடிந்தன; 2018-இல் நம் கிர் காட்டிலும் சிங்கங்கள் இறந்தன. செரங்கெட்டியில் சுற்றுவட்டார நாய்களையே பலரும் குற்றம் சொன்னார்கள். ஆனால் அந்த நாய்களுக்குப் பெருமளவில் தடுப்பூசி போட்ட பிறகும் சிங்கங்களிடம் தொற்று தொடர்ந்தது. ஆகவே முன்கூட்டியே நாயின் மேல் பழிபோடாமல், வைரஸின் மரபணுத் தொகுதியை முழுமையாக வாசித்துவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

தட்டம்மைக்கும், 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட மாட்டு வெக்கை நோய்க்கும் உறவான இந்த ஆர்.என்.ஏ. வைரஸுக்கு ஆறு மரபணுக்கள், 15,690 எழுத்துகள் (எழுத்து என்பது ஆர்.என்.ஏ. சங்கிலியின் ஒவ்வோர் அலகு). மாதிரியில் பெரும்பகுதி நாயின் ஆர்.என்.ஏ.வாகவே இருப்பதால், அதை டி.என்.ஏ.வாகப் படியெடுத்து, விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் துண்டுகளாக வைரஸின் பகுதியை மட்டும் பெருக்கி, கைக்கு அடக்கமான நானோபோர் கருவியில் வாசிக்கிறோம். ஒரே எழுத்து தொடர்ந்து வரும் இடங்களில் அந்தக் கருவி ஒன்றிரண்டை விட்டுவிடும். அதைக் கண்டுபிடிக்க வைரஸிடமே ஒரு வழி உண்டு: அதன் ஆர்.என்.ஏ.வைப் போர்த்தும் புரத மூலக்கூறு ஒவ்வொன்றும் ஆறு எழுத்துகளைப் பிடித்துக்கொள்வதால், மொத்த நீளம் ஆறால் மீதியின்றி வகுபட்டாக வேண்டும். கணினி 15,689 என்று காட்டினால், வாசிப்பில் ஓரெழுத்து விழுந்துவிட்டதென்று உடனே தெரிந்துவிடுகிறது. இத்தனை ஆண்டுகள் நோய்க்குறிகளை மட்டுமே பார்த்துவந்த எனக்கு இந்தக் கணக்கு தரும் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

நான் முதலில் பார்ப்பது எச் மரபணுவை. வைரஸைச் செல்லோடு ஒட்டவைக்கும் புரதத்தைத் தருவது அது. வகைக்கு வகை மிகுதியாக மாறுவதும் அதுவே. அந்தப் புரதத்தின் 549-ஆவது அமினோ அமிலம் நாய்களிடம் காணும் வைரஸ்களில் பெரும்பாலும் டைரோசின். பிற ஊனுண்ணிகளிடம் கண்ட பலவற்றில் ஹிஸ்டிடின். தடுப்பூசி போட்ட குட்டியிடம் வைரஸ் தென்பட்டால், அது தடுப்பூசியிலிருந்து வந்ததா, ஊரில் உலவுவதா என்பதையும் இந்த மரபணுவின் எழுத்து வரிசை பிரித்துக் காட்டிவிடும். ஆனால் ஒரு நாயின் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு தொற்று வந்த திசையைச் சொல்ல இயலாது. செந்நாயின் மாதிரியையும் சமவெளி நாய்களின் மாதிரிகளையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

செந்நாய் மாதிரிக்கு வனத்துறையிடம் விண்ணப்பித்திருக்கிறேன். சமவெளிக்கு நீதான். டிஸ்டெம்பர் ஐயமுள்ள நாய் வந்தால், நோயின் தொடக்க நாட்களிலேயே கண்ணிமையின் உட்புறத்திலும் மூக்கிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, ஆர்.என்.ஏ. சிதையாமல் காக்கும் கரைசலில் இட்டு, குளிர்ப்பெட்டியில் அனுப்பு. நாயின் வயது, ஊர், தடுப்பூசி போட்ட தேதி ஆகியவற்றைச் சீட்டில் எழுதத் தவறாதே. அவை இல்லையென்றால் வரிசை கிடைத்தும் எனக்குப் பயன்படாது.

அன்புடன்,
இராசேந்திரன்