பீரோ சாவியைக் கொடுங்கள்: கல்லூரி வானியல் மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பேராசிரியர்களுக்கு, வணக்கம்.

நம் கல்லூரிகள் பலவற்றின் இயற்பியல் துறையில் ஆறு அங்குலமோ எட்டு அங்குலமோ ஒரு தொலைநோக்கி இருக்கிறது. கிரகணத்துக்கும் தேசிய அறிவியல் தினத்துக்கும் வெளியே வரும். வரிசையில் நிற்பவர்களுக்குச் சனியின் வளையத்தைக் காட்டிவிட்டு மறுபடி பீரோவுக்குள் போய்விடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நிலா இல்லாத இரவுகளில், அந்த பீரோ சாவியை மாணவர்களிடம் கொடுங்கள். அவர்கள் சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரம், தேடட்டும்.

சிரிக்காதீர்கள். 2014 ஜனவரி 21 அன்று லண்டனின் மில் ஹில்லில் உள்ள பல்கலைக்கழக வானாய்வகத்தில் ஸ்டீவ் ஃபாஸி என்ற ஆசிரியர் இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். மேகம் மூடிக்கொண்டு வரவே, கிடைத்த இடைவெளியில் எம் 82 என்ற கேலக்ஸியைத் திரையில் கொண்டுவந்தார். முன்பு இல்லாத ஒரு நட்சத்திரம் அதில் இருந்தது. வெடித்து ஒரு வாரம் ஆகியும் அதுவரை யாரும் அறிவித்திருக்கவில்லை. உச்சத்தில் அதன் பொலிவு எண் (எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்) 10.5 வரை வந்தது. உங்கள் எட்டு அங்குலத்தில் கண்ணாலேயே பார்த்திருக்கலாம்.

தானியங்கிக் கேமராக்கள் இரவெல்லாம் வானத்தைத் துழாவும்போது நம் பசங்களுக்கு என்ன மிச்சம் என்பீர்கள். நியாயம்தான், முதல் ஆளாகப் பிடிப்பது இப்போது அரிது. ஆனாலும் 2023 மே 19 அன்று எம் 101 என்ற கேலக்ஸியில் வெடித்த சூப்பர்நோவாவைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் கொய்ச்சி இதகாகி, ஓர் அமெச்சூர்.

அப்புறம், நமக்கு இடம் சாதகம். ஆஸ்திரேலியப் பாதிரியார் ராபர்ட் எவன்ஸ் நூற்றுக்கணக்கான கேலக்ஸிகளின் தோற்றத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்தே நாற்பதுக்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களைக் கண்டுபிடித்தார். அவர் ஊரிலிருந்து எம் 82 தெரியவே தெரியாது. லண்டனில் எம் 83 என்ற கேலக்ஸி அடிவானத்தை ஒட்டியே நிற்கும். தமிழ்நாட்டில் இரண்டையும் பார்க்கலாம். கன்னி ராசியில் உள்ள எம் 61 மார்ச் இறுதியில் நள்ளிரவு வாக்கில் கிட்டத்தட்ட நம் தலைக்கு நேர் மேலே வரும். 1926 முதல் 2020 வரை அந்த ஒரே கேலக்ஸியில் எட்டு சூப்பர்நோவாக்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் மூன்று இதகாகி பிடித்தவை.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. நகர வெளிச்சம் குறைந்த ஓர் இடம், முப்பது கேலக்ஸிகளின் பட்டியல், ஒவ்வொன்றையும் சுற்றியுள்ள நட்சத்திரங்களைக் குறித்த ஒரு தாள். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி, செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அரை மணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்க வேண்டும். மங்கலானதை நேராக முறைத்தால் மறைந்துவிடும். பார்வையைச் சற்று ஓரமாக வைத்தால் தெரியும். தாளில் இல்லாத ஒரு புள்ளி தெரிந்தால் உடனே குதிக்க வேண்டாம். கன்னி ராசி சூரியப் பாதையில் கிடப்பதால் குறுங்கோள்கள் குறுக்கே போய் ஏமாற்றும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்து, நகரவில்லை என்றால் பழைய படங்களோடு ஒப்பிட்டு, ஏற்கெனவே அறிவிக்கப்பட்டதா என்று சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பதிவேட்டில் தேட வேண்டும். பெரும்பாலும் அறிவிக்கப்பட்டிருக்கும். சரி, அதன் பொலிவு நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்று அளந்து வரைபடம் போடட்டும், அதுவே உருப்படியான புராஜெக்ட்.

உங்கள் தயக்கம் தெரியும். ஸ்டாக் ரெஜிஸ்டரில் இருப்பது உடைந்தால் யார் பதில் சொல்வது? ஆனால் நம் ஊர் ஈரத்தில் மூடிய பீரோவுக்குள் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கிறதே, அதற்கு யாரும் பதில் கேட்பதில்லை. முதல் மாதம் ஆய்வக உதவியாளர் ஒருவர் கூட இருக்கட்டும்.

இன்னொன்று. மாணவிகள் விடுதிக் கதவு மாலையிலேயே பூட்டப்படும் கல்லூரிகளில், சாவி கொடுத்தாலும் மன்றத்தில் பாதிப் பேர் வர முடியாது. விடுதிக் காப்பாளருக்கு அனுமதிக் கடிதத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். மாணவிகளை அலைய விடாதீர்கள்.

இப்படிக்கு,
மொட்டைமாடியிலிருந்து வானம் பார்க்கும் ஒருவன்